நகராத பிலிம்

'சர்ர்ர்' என்று தொடங்கி, கடைசியில் ஒரு சின்ன 'டக்' என்று முடியும் அந்தச் சத்தத்துக்காகவே நான் நைனாவின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருப்பேன். படம் பிடித்து முடிந்த பிலிமை மறுபடி அதன் டப்பாவுக்குள் சுற்றுகிற சத்தம் அது. கேமராவின் அடியில் இருக்கும் குட்டிப் பொத்தானை அழுத்திக்கொண்டு, இடது மேல்மூலையில் மடங்கியிருக்கும் சின்னக் கைப்பிடியை விரித்து, காதை அதன் பக்கம் சாய்த்து, அவர் நிதானமாகச் சுற்றுவார். உள்ளேயிருந்து பிலிம் இழுத்துப் பிடிப்பது அவர் விரலில் தெரியும். முனை விடுபட்டதும் பிடி லேசாகிவிடும். "ம், வுட்டுச்சு" என்று சிரிப்பார்.

நாங்கள் அப்போது காக்களூரில் இருந்தோம். நைனா அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்த ஒருவரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் கேமரா அது. கனமாக, ஓரமெல்லாம் வெள்ளி மின்னும். லென்ஸ் வழியாகப் பார்க்கிற கேமரா இல்லை. மேலே தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதில் பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். அப்போது அமுக்க வேண்டும். இயந்திரங்களோடு பழகிய மனிதர் என்பதால் நைனாவுக்கு அது சீக்கிரமே கைவந்தது. பிலிம் மாட்டுவதை மட்டும் திருவள்ளூரில் இருந்த ஸ்டூடியோக்காரரிடம் விட்டுவிடுவார். அப்படி மாட்டிக்கொண்டு வந்த முதல் இரண்டு ரோல்களிலும் அம்மா இருந்தாள், நான் இருந்தேன், திருப்பாச்சூரில் இருக்கும் அத்தையும் அவர் வீட்டு மாடும் இருந்தார்கள். என் தம்பி முரளி மட்டும் இல்லை.

அதற்குக் காரணம் அத்தை. நைனாவின் அக்கா, எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "சின்னப் புள்ளைய போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும். அஞ்சு முடியட்டும், அப்பால இன்னா வேணாலும் புடிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டார். என்னையும் ஐந்து வயது முடிந்தபிறகுதான் படம் பிடித்தார்கள். நைனாவுக்கு இதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அக்கா மனசு நோகக் கூடாது என்று காத்திருந்தார். முரளிக்கோ கேமரா என்றால் உயிர். அதை எடுத்தாலே ஓடிவந்து முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொள்வான். "உனுக்கு இன்னும் டைம் வர்ல" என்று நைனா அவனை நகர்த்திவிடுவார்.

சித்திரையில் அவனுக்கு ஐந்து முடிந்தது. அன்று ஸ்டூடியோ பூட்டியிருந்தது. பிள்ளை காத்திருக்கிறானே என்று, ஒரு கடையில் ரோலை மட்டும் வாங்கிவந்து, முதல் தடவையாக நைனாவே மாட்டினார். வெயில் படக் கூடாதென்று சமையலறை மூலையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். டப்பாவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிலிமின் 'நாக்கை' எதிர்ப்பக்கத்து உருளையின் பிளவில் செருகினார். லீவரை இழுத்தார். பிலிம் ஓடினால் இடது பக்கத்துத் திருகும் கூடவே சுற்ற வேண்டும், ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார். திருகு கொஞ்சம் அசைந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மூடினார்.

அந்தக் கோடை முழுவதும் முரளியின் கோடைதான். ஒரே நாளில் பிடித்துத் தீர்க்காமல், நல்ல வேளை பார்த்து ஒவ்வொன்றாகப் பிடித்தார் நைனா. அம்மா மடியில், ஏரிக்கரையில், சைக்கிளின் முன் கம்பியில், அத்தை வீட்டு வேப்பமரத்தின் கீழே, விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டிக்கொண்டு. கேமராவின் ஜன்னல் வழியாக நானும் பார்ப்பேன். இரண்டு முரளிகள் நெருங்கி வந்து ஒருவனாவார்கள். ஒவ்வொரு தடவையும் மேலே இருக்கும் எண் ஒன்று கூடும். ரோலின் கடைசி எண்ணான முப்பத்தாறு வந்தது, அதையும் தாண்டி லீவர் நகர்ந்தது. "நல்ல கம்பெனி போல. எக்ஸ்ட்ரா குட்துகீறான்" என்று நைனா சந்தோஷப்பட்டார். தீருகிற வரைக்கும் பிடிக்கலாம் என்று அப்படியே வைத்திருந்தார்.

வைகாசி அமாவாசைக் கூட்டத்தில், வேண்டுதலுக்காகத் திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கப் போனோம். என் கையை நைனா பிடித்திருந்தார். முரளி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றான். அம்மா குனிந்து வெல்லத்தைத் தண்ணீரில் விட்டு, கையை அலம்பிக்கொண்டு நிமிர்ந்தபோது முந்தானை மட்டும் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. அதன்பிறகு இத்தனை வருஷங்களாக நாங்கள் பேசியதெல்லாம் அந்த ஒரு நொடியைச் சுற்றித்தான்.

முதலில் குளத்தில்தான் தேடினார்கள். இறங்கி முங்கிப் பார்த்தவர்கள் இல்லையென்று கரையேறினார்கள். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாய்ந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த ஏட்டு நல்ல மனிதர். அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "போட்டோ இருக்குதாம்மா?" என்று கேட்டார். நைனாவின் முகத்தில் அன்று முதல் தடவையாக உயிர் வந்ததை நான் பார்த்தேன்.

"கீது சார். ஒரு ரோல் பூரா அவன்தான். காத்தால மொத வேலையா கழுவிக் கொண்டாந்துர்றேன்."

"அப்ப கவலைய வுடு. போட்டோ இருந்தா பாதி வேலை முடிஞ்சா மாதிரி."

விடிந்தபோது வீடு நிறைய ஆட்கள். அத்தை வந்திருந்தார். கூடத்தின் நடுவில் நைனா கேமராவோடு உட்கார்ந்தார். எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் பொத்தானை அழுத்தினார்; கைப்பிடியை விரித்தார்; சுற்றினார். அது காற்றில் சுற்றுவது போலச் சுற்றியது. சத்தமே இல்லை. இரண்டு மூன்று சுற்றுக்குள் விரல் நின்றுவிட்டது.

"இன்னாங்க, நிறுத்திக்கினீங்க? சுத்துங்க" என்றாள் அம்மா.

அம்மா மறுபடி சொன்னாள். பிறகு நைனா, வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்படாமல், கேமராவின் முதுகைத் திறந்தார். எதிர்ப்பக்கத்து உருளை வெறுமையாக இருந்தது. பிளவிலிருந்து நழுவிய நாக்கு டப்பாவின் வாயருகே மடங்கிக் கிடந்தது. லீவரை இழுத்தபோதெல்லாம் உருளை மட்டும் சுற்றியிருக்கிறது, எண் மட்டும் ஏறியிருக்கிறது. பிலிம் நகரவேயில்லை.

அப்படியும் அம்மா கேட்கவில்லை. ஸ்டூடியோ திறக்கும்முன்பே வாசலில் போய் நின்றோம். ஸ்டூடியோக்காரர் பார்த்ததும் புரிந்துகொண்டு, தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாப் படமும் ஒரே எடத்துல வுழுந்துகீதுமா. அந்த எடமும் மாட்டறப்பவே வெளிச்சம் பட்டது" என்றார். "கழுவிப் பாருண்ணா, எதுனா ஒண்ணு இருக்கும்" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கழுவிக் காட்டினார். முனையில் ஒரு சாண் கரிக்கறுப்பு. மற்றதெல்லாம் ஒன்றுமே விழாத வெறும் பிலிம். அம்மா அந்தக் கறுப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அந்தக் கோடையின் முரளிகள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராக அதற்குள்தான் இருந்தார்கள்.

ஸ்டேஷனில் வாய்வார்த்தையாக அடையாளம் எழுதிக்கொண்டார்கள். ஊதாச் சட்டை, விழுந்த முன்பல், புருவத்தில் தழும்பு. எந்தப் புருவம் என்று ஏட்டு கேட்டார். "இடது" என்றாள் அம்மா. "சோத்தாங்கைப் பக்கம்" என்றார் நைனா, அதே மூச்சில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் எதிரே நிற்கும்போது அவனுடைய இடதா, நமக்கு இடதா என்று அங்கேயே குழம்பிப்போனார்கள். என்னைக் கேட்டார்கள். தழும்பு எனக்கு நன்றாக நினைவிருந்தது. பக்கம் நினைவில்லை. ஏட்டு, 'புருவத்தில் தழும்பு' என்று மட்டும் எழுதினார்.

படமில்லாத துண்டு நோட்டீஸை யாரும் நின்று படிக்கவில்லை. அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். ஒருநாள் அம்மா போய்க் கூப்பிட்டபோது, "என் வாய்தாண்டி அவன் மூஞ்சிய இல்லாம பண்ணிச்சு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அழுதாராம். அம்மா அவரைத் திட்டவில்லை. நைனாவையும் ஒருநாளும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்குமோ என்று பின்னால் நினைத்திருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷனில் பழம் விற்கும் ஒருவர், அழுதுகொண்டிருந்த ஒரு பையனை ஒரு பொம்பளை ஆந்திராப் பக்கம் போகும் சூளூர்ப்பேட்டை வண்டியில் ஏற்றியதைப் பார்த்ததாகச் சொன்னார் என்று ஒரு செய்தி வந்தது. அந்த ஒரு பேச்சை நம்பி நைனா லேத்தை விட்டார். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் சேர்ந்தார். காக்களூர் வீட்டைக் காலி செய்தபோது கேமராவைப் பரணிலேயே விட்டுவிட்டு வந்தோம். புது வீடு மில்லுக்குப் பின்னால். காயப்போட்ட துணியில் கரி படியும். ஷிப்ட் முடிந்ததும் நைனா நேராகப் பிளாட்பாரத்துக்குப் போய், ஆந்திராப் பக்கமிருந்து வரும் வண்டிகளில் இறங்குகிறவர்களை நிறுத்தி விசாரிப்பார். இடுப்பருகே கையை வைத்து, "இத்தினி உசரம்" என்று காட்டுவார். வருஷம் போகப் போக அந்தக் கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

எனக்குப் பதினொரு வயதானபோது, நெல்லூர்ப் பக்கம் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் அப்படி ஒரு பையன் இருப்பதாகத் தகவல் வந்தது. அக்காவைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வான் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மொட்டையடித்திருந்தார்கள். மெலிந்திருந்தான். முன்பல் முளைத்திருந்தது. இடது புருவத்தில் ஒரு தழும்பு. அவன் தெலுங்கில்தான் பேசினான். பெயர் சீனு என்றான். அதற்கு முந்தையது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

அம்மா முட்டிபோட்டு அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முரளி, அம்மாடா" என்றாள். அவன் முகத்தை உதறி விலக்கிக்கொண்டான்.

"இவன் இல்ல" என்றார் நைனா.

"எப்டி சொல்றீங்க? தழும்பு கீது பாருங்க."

"பக்கம் வேற. காதும் வேற மாதிரி கீது. எம் புள்ளைய எனுக்குத் தெரியாதா?"

"எனுக்குத் தெரிலியே" என்றாள் அம்மா. "பெத்தவ எனுக்கே தெரிலியே."

இல்லத்துப் பெரியவர் கலங்கிப்போய், உடைந்த தமிழில், "பழைய போட்டோ ஒண்ணு இருந்தா கொண்டாங்க, வச்சுப் பாக்கலாம்" என்றார். அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா, இவந்தானா?" நான் அவனைப் பார்த்தேன். ஒரு நொடி முரளியாகத் தெரிந்தான். அடுத்த நொடி யாரோ ஒரு பையனாக இருந்தான். "தெரியலம்மா" என்றேன். அவன் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டே, எப்போது விடுவார்கள் என்பது போலக் கதவைப் பார்த்தான்.

அவனை விட்டுவிட்டு வந்தோம். அடுத்த மாதமே அம்மா மறுபடி போகவேண்டும் என்றாள். யாராக இருந்தாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றாள். போனபோது அவனை வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே போய்க் கேட்டபோது அந்தப் பெயரில் யாருமில்லை என்றார்கள். அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் தொலைந்த பிள்ளை ஒருவன் இல்லை, இருவர். இருவரில் யாருக்காக அழுகிறாள் என்று அம்மாவுக்கே தெரியாமல் போயிற்று. நைனா, "அவன் இல்ல, அவன் இல்ல" என்று தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். மில்லில் வேலையிலிருந்து ஓய்வு பெறும் முன்பே போய்ச் சேர்ந்தார்.

நான் இன்னும் கும்மிடிப்பூண்டியில்தான் இருக்கிறேன். ஒரு கம்பெனி ஆபீசில் கணக்கு வேலை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ரோல் பிலிம் என்றால் என்னவென்று என் மகனுக்குத் தெரியாது. அவனுக்கு ஐந்து வயதானபோது, அம்மா அவனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்டியே முரளி ஜாடை, இல்ல?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "ஆமாம்மா" என்றேன். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. அதன்பின் சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றேன்.

அம்மாவும் போனபின் அந்த முகத்தைப் பார்த்தவள் என்று வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் சில நாட்கள் கண்ணை மூடிக்கொண்டு அவனை வரவழைக்கப் பார்க்கிறேன். குளத்துப்படி வருகிறது, ஊதாச் சட்டை வருகிறது. சட்டைக்கு மேலே என் மகனுடைய முகம் இருக்கிறது.