படகுத்துறைக்குப் போகும் வழி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ரூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே தலையைச் சொறிவார்கள். வெகுகாலம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். புருஷன் இறந்த பிறகு ஒரு மாடி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தாள். வீட்டுக்காரி வெளிநாட்டில் இருந்தாள். நகரத்தைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே நாள் வாடகைக்குத் தங்குவார்கள். விரிப்பு மாற்றுவது, சாவி கொடுப்பது எல்லாம் யாரும் செய்யக்கூடிய வேலை. வழி சொல்வதற்கு மட்டும் அவளை விட்டால் ஆளில்லை.

"விமான நிலையத்துக்கு டாக்சியா, ரயிலா?" என்று யாராவது கேட்டால், "பெட்டி நிறைய இருந்தா டாக்சி. ஒண்ணுதான்னா ரயில். வீட்டுல சண்டை போட்டுட்டு வெறுங்கையோட வந்திருந்தா நடந்தே போங்க, கோபம் தணியும்" என்பாள். டாக்சி வேண்டுமென்றால் அவள் தம்பி வருவான். அவனுக்குச் சொந்தமாக ஒரு பழைய வண்டி இருந்தது.

மழை ஓய்ந்த சமயத்தில் அந்த மனிதர் வந்தார். ஒல்லியான உடம்பு. பக்கத்தில் போனால்தான் காதில் விழும்படி பேசினார். தோளில் ஒரே ஒரு பை.

"சார், சுத்திப் பாக்க டாக்சி சொல்லட்டுமா? என் தம்பி வண்டிதான்."

"வேணாம்மா. டாக்சிக்காரங்க முகத்த ஞாபகம் வெச்சிருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று எண்ணி அவளும் சிரித்துவைத்தாள்.

சாவியை வாங்கிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி அவளுக்குப் புதிதாக இருந்தது. "பெரிய ஆஸ்பத்திரியில சாயங்காலம் வேலை முடிஞ்சு, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆலைக் குடியிருப்புக்குப் போற ஒருத்தங்க எப்படிப் போவாங்க?"

எல்லோரும் கோட்டைக்கு வழி கேட்பார்கள், கடற்கரைக்குக் கேட்பார்கள். இது கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது. ரூட்டக்காவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "ஆம்பளைன்னா பஸ்ஸுல தொத்திக்கிட்டுப் போயிடுவாங்க. பொம்பளைன்னா படகுதான். அஞ்சு நிமிஷம் நடந்தா துறை. கூட்டமும் இருக்காது, இடிபடவும் வேணாம்."

"பொம்பளைதான்" என்றார் அவர். "ரொம்ப நன்றிம்மா."

மறுநாள் அவள் தண்ணீர்க் குடுவையை நிரப்பப் போனபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதையும் பார்க்கப் போகவில்லை. படுக்கை கலையாமல் அப்படியே இருந்தது.

"அக்கரையில இறங்கினா, துறையிலேருந்து வெளிய போக எத்தன வழி?"

"ஒரே வழிதான் சார். ரெண்டு பக்கமும் ஆலைச் சுவர். நீளமா ஒரு சந்து."

"சாயங்காலம் அங்க வெளிச்சம் இருக்குமா?"

அவள் குடுவையை வைக்கத் திரும்பினாள். மேசைமேல் ஒரு குழந்தைச் செருப்பு இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். சின்னது, ஒற்றை, வார் தேய்ந்தது. அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"என் மகளோடது. இப்ப பாதம் பெரிசாகியிருக்கும். அவங்கம்மா தூக்கிட்டுப் போயிட்டா. கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனாங்கிறது வேற விஷயம்." செருப்பை எடுத்துத் துடைத்து, சுவரோடு ஒட்டி நேராக வைத்தார். "இந்த ஊரே உங்க கைக்குள்ள இருக்கும்மா. யாரும் உங்ககிட்டேருந்து தப்ப முடியாது."

ரூட்டக்கா படியிறங்கினாள். பெற்ற தகப்பன், மகளைத் தேடுகிறான், அதில் என்ன தப்பு என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மகளைத் தேடுகிறவன் சந்தில் வெளிச்சம் இருக்குமா என்று ஏன் கேட்க வேண்டும்?

தம்பியிடம் சொன்னாள். அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னான். "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதக்கா."

"ஓணானுக்கு வழி காட்டினதே நான்தான்டா."

அவன் துணியை உதறிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கும் படகுத்துறைக்கும் நடுவே, சாலை திரும்பும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ரூட்டக்கா குடையை விரித்துக்கொண்டு துறைப்பக்கம் நடந்தாள். மழை இல்லை, முகத்தை மறைக்கத்தான். சீட்டுக் கொடுக்கும் அறையின் பின்சுவர் ஓரமாக அவர் நின்றிருந்தார். அந்த ஒற்றைப் பை தோளில் இருந்தது. ஊரில் உள்ளவர்கள் படகுக்குக் காத்திருந்தால் தண்ணீரைப் பார்ப்பார்கள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்து மரத்தடியில் நின்றாள். வேலை முடிந்த பெண்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டு வந்தார்கள். யாரைத் தடுப்பது? என்னவென்று சொல்லித் தடுப்பது? பேர் தெரியாது, முகம் தெரியாது. அப்போது தனியாக ஒருத்தி வந்தாள். சலவைப் பிரிவின் சாம்பல் நிறச் சீருடை. திருப்பம் வந்ததும் நின்றுவிட்டாள். செருப்பு வாரைச் சரி செய்கிறவள்போலக் குனிந்து, எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் ஓரக்கண்ணால் அளந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது காதுக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு தெரிந்தது.

ரூட்டக்கா குடையை மடக்கிக்கொண்டு அவளிடம் போனாள். "அம்மா, உங்கள எனக்குத் தெரியாது. ஒல்லியா ஒருத்தர், மெதுவாப் பேசுறவர், துறையில நிக்கிறார். சின்னச் செருப்பு ஒண்ணு வெச்சிருக்கார்."

அந்தப் பெண் அழவில்லை, யார் நீ என்றும் கேட்கவில்லை. ரூட்டக்காவின் மணிக்கட்டை மட்டும் இறுகப் பிடித்தாள்.

"எந்தப் பக்கம் பாத்து நிக்கிறார்?"

"சாலையப் பாத்து."

"அப்ப வீடு அவருக்கு இன்னும் தெரியல. என் பின்னாலயே வரப் பாக்கிறார்."

வண்டியில் ஏறியதும் தம்பி, காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்டான். "முன்ன இருந்த ஊர்ல அங்கதான் போனேன். என் விலாசத்த அங்கேயே வாங்கிக்கிட்டார். அவர் பேசினா யாருக்கும் சந்தேகம் வராதுங்க" என்றாள் அவள்.

ரூட்டக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "படகுன்னு வழி சொன்னது நான்தாம்மா."

"அவர் கேட்டா யாரா இருந்தாலும் சொல்லிடுவாங்கக்கா. அந்தக் காலத்துல நானே சொல்லியிருக்கேன்."

பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த மகளை விளையாட்டு நடுவிலேயே கையைப் பிடித்து அழைத்து வந்தாள் தாய். எங்கே போகிறோம் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை போலிருந்தது. கட்டிவைத்த பை ஒன்று கதவுக்குப் பின்னால் தயாராகவே இருந்தது. பேருந்து நிலையத்தில் இறங்கியதும் தாய் கைகூப்பினாள்.

"நீங்க பாக்க வேணாம்கா. நாங்க எந்த பஸ்ஸுல ஏறுறோம்னு உங்களுக்குத் தெரியாம இருக்கிறதுதான் நல்லது. அவர் கேப்பார்."

எத்தனையோ ஆயிரம் பேரை அந்த நிலையத்திலிருந்து ஏற்றி அனுப்பியவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எல்லாச் சத்தமும் அடங்கும்வரை அவள் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் சாவி வாங்கப் போனாள். தம்பி கூடவே வந்து வாசலில் நின்றான். அந்த மனிதர் குளித்து, தலை வாரி, பையோடு தயாராக இருந்தார். வீடு துடைத்துவைத்தது போலிருந்தது. கோபத்தின் சுவடே அவர் முகத்தில் இல்லை.

"நேத்துப் படகுக்கு அவங்க வரலம்மா. குடைதான் வந்துச்சு. மழையே இல்ல, பாருங்க."

அவள் சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"எல்லாருக்கும் வழி சொல்றீங்க. நீங்க வீட்டுக்கு எந்த பஸ்ஸுல போவீங்க?"

"நான் நடந்து போறவ சார்" என்றாள். குரல் எப்படியோ பிசிறாமல் வந்தது.

"நடந்து போறவங்கள யாரும் தவற விட மாட்டாங்க" என்று சொல்லி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். வாசலில் தம்பியின் முகத்தை நின்று பார்த்தார், வண்டியையும் பார்த்தார். பிறகு தெரு முனை திரும்பிப் போய்விட்டார்.

அன்றைக்கே வீட்டுக்காரியிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "தங்கினவங்க எழுதுற விமர்சனத்துல உங்களப் பத்தி எவ்வளவு நல்லா எழுதியிருக்கார் தெரியுமா? வழி சொல்றதுல இவங்களுக்கு நிகர் இல்ல, சீக்கிரம் மறுபடி வருவேன்னு எழுதியிருக்காரே." ரூட்டக்கா விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று அவருக்கு இனி வீடு கிடையாது, இல்லையென்றால் தான் கிடையாது என்று நின்றாள். அந்தப் பெயரில் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அந்தம்மா ஒத்துக்கொண்டாள். வேறு பெயரில் வந்தால் என்ன செய்வது என்று இருவருமே பேசவில்லை.

இப்போதும் அவள்தான் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். வழியும் சொல்கிறாள். ஆனால் வருகிறவர் எங்கே போகிறார் என்பதோடு விடுவதில்லை. யாரைப் பார்க்கப் போகிறார் என்று கேட்கிறாள். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். சாயங்காலம் தம்பி வந்து கூட்டிப் போகிறான், தினம் ஒரு வழியாக. அவன் வரத் தாமதமானால் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, படியில் கேட்கிற காலடி தம்பியுடையதுதானா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.