கோடு எழும்பும் வரை

பூச்சி ஆய்வுக்கூடத்தில் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிற பெண்மணியை எல்லோரும் வண்டம்மா என்றே அழைத்தார்கள். அவளுக்கு நெடுநாளாக இளைப்பு நோய். பறக்கும் வண்டுகள் கிளம்புவதற்கு முன் வயிறு விம்ம விம்ம, விலாப்பக்கத் துளைகள் வழியே காற்றை வாங்குவதைப் பார்த்து, "மாடிப்படி ஏறினா எனக்கும் இப்படித்தான்" என்று சிரிப்பாள்.

புதிதாக வந்திருந்த பாலைநில வண்டுகளால் பறக்க முடியாது; அவற்றின் இறக்கை மூடிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒருநாள் காலை, அவற்றில் ஒன்றின் மூச்சை அளக்கும் கருவியின் திரையில் கோடு அசையவேயில்லை.

"செத்துப்போச்சும்மா, எடுத்துப் போட்டுடுங்க" என்றார் பேராசிரியர்.

"கொஞ்சம் பொறுங்க சார். நேத்தும் இப்படித்தான் கோடு படுத்துக் கிடந்துச்சு. நீங்க டீ குடிக்கப் போனப்ப எழுந்துச்சு."

அவர் அரைமனதாக உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்துக் கோடு சட்டென்று மேலே ஏறியது.

"அடேயப்பா!" என்றார் பேராசிரியர். "உடம்பு ஈரம் காயாம இருக்க, துளையெல்லாம் மூடிக்கிட்டு இருந்திருக்கு. அந்தத் துளையெல்லாம் ஒட்டிப்போன இறக்கை மூடிக்கு அடியில இருக்கும்மா, அதான் நம்ம கண்ணுக்குத் தெரியல."

"கெட்டிக்காரப் பூச்சி" என்றாள் வண்டம்மா. "என்னால ஒரு நிமிஷம்கூட மூச்சை அடக்க முடியாது சார்."

பேராசிரியர் எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "உட்காருங்க. அடுத்த மூச்சு எப்ப வருதுன்னு சேர்ந்தே பாப்போம்."