வாசலில் கட்டிய பேனர்

பாங் மிரானின் தலையில் அன்று காலை காபி குடிப்பதற்கு முன்பே இடி விழுந்தது. சேதியைக் கொண்டுவந்தவர் வாசல் காவலாளி பியோ.

"மேடம், நீங்க கட்டின பேனரை ஒரு பொண்ணு ஏணி போட்டு ஏறி அறுத்துக்கிட்டு இருக்கா. அதட்டிப் பாத்துட்டேன். 'அதுல இருக்கறது என் பேர்தான், நான் அறுக்கலாம்'ங்குறா. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

சோங்ஜு நகரில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்பு அறை என்றால் மிரான்தான். நேர்காணலில் எப்படிச் சிரிக்க வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை எங்கே வைக்க வேண்டும் என்று பிள்ளைகளை அவள் பழக்கிய பழக்கத்தில், ஊரில் பாதி அலுவலகங்கள் அவளுடைய சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டிருந்தன. ஆங்கிலத் தேர்வு, கணினிச் சான்றிதழ், தொண்டு வேலை, வெளிநாட்டுப் பயிற்சி என்று ஒன்றையும் விடமாட்டாள். யாராவது வந்து, "எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியல மேடம்" என்று முனகினால், "அதெல்லாம் வேலை கிடைச்சப்புறம் சாவகாசமாப் பாத்துக்கலாம். தேர்வுக்குப் பேர் குடுத்தியா?" என்பாள். கெட்டவள் இல்லை. வேலை கிடைக்காமல் வீட்டுக்குள் முடங்கிப்போன பிள்ளைகளைப் பார்த்துப் பயந்தவள்.

பெரிய கம்பெனியில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால், பெயர், துறை, கம்பெனி எல்லாம் போட்டுப் பிரதான வாசலில் பேனர் கட்டிவிடுவாள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். யார் எதில் தேறினாலும் தெருவுக்குத் தெரிந்தாக வேண்டும். தேறியவரிடம் யாரும் கேட்பதில்லை. பெயர் வைக்கும்போது குழந்தையையா கேட்கிறோம்?

அந்த வாரத்துப் பேனர் குவாக் யேரினுடையது. மிரான் தேய்த்து மெருகேற்றியதிலேயே பளபளப்பான பெண். ஸ்ட்ராபெரி பயிரிடும் அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, பேனருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ள அன்று காலையே வருவதாக இருந்தார்கள்.

மிரான் ஓடினாள். பேனரின் ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. யேரின் ஏணியின் நடுப்படியில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். அழுத கண்.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? இறங்குடி கீழ."

"காலைல போன் பண்ணி, வேலைக்கு வரலன்னு சொல்லிட்டேன் மேடம்."

நாட்டில் பாதிப் பிள்ளைகள் தவம் கிடக்கும் வேலை. மிரான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் விழாமல் இருக்கவா, தான் விழாமல் இருக்கவா என்று அவளுக்கே தெரியாது.

"ஏன்டி?"

"கடைசி நேர்காணல்ல ஒருத்தர் கேட்டார். 'நாளைக்கு உனக்கு எந்த வேலையும் இல்ல, யாரும் எதையும் கேக்கமாட்டாங்க. என்ன பண்ணுவ?'ன்னு."

"அந்தக் கேள்விக்கு நாம பயிற்சியே எடுக்கலையே" என்றாள் மிரான்.

"அதான் மேடம். பயிற்சி எடுக்காத ஒரே பதில் அதுதான். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணுமே வரல. 'அடுத்த தேர்வுக்குப் படிப்பேன்'னேன். அது பொய்யில்ல மேடம், நெசமாவே அதைத்தான் பண்ணுவேன். உடனே மூணு பேரும் சிரிச்சாங்க. 'இப்படிப்பட்ட ஆளுதான் வேணும், சொன்ன வேலையத் தவிர வேற நெனப்பே இருக்காது'ன்னு ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சொன்னார். என் எதிர்லயே. எனக்குப் பயமாயிருச்சு."

மிரான் கொடுத்த பதிலாக இருந்தால் மாற்றிச் சொல்லிக்கொடுத்திருப்பாள். இது அவள் உண்டாக்கிய பெண்ணாக இருந்தது.

"மேடம், நீங்க என்ன பண்ணுவீங்க, அப்படி ஒரு நாள் கிடைச்சா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அடுத்த வகுப்புக்கு மாதிரி நேர்காணல் நடத்துவேன் என்பதுதான் நாக்கு நுனிவரை வந்தது. வேறு ஏதாவது இருக்குமே என்று தேடினாள். மலையேறுவாளா? யாரையாவது போய்ப் பார்ப்பாளா? ஒன்றும் அகப்படவில்லை. மிரானுக்குப் பயம் வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஆன ஒருத்திக்குப் பட்டப்பகலில், காவலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது வரக்கூடாத பயம்.

"இறங்கு" என்றாள். குரல் மாறியிருந்தது. யேரின் இறங்கியதும் கத்தரிக்கோலை வாங்கினாள். ஏணியை மறு கம்பத்துக்குச் சாய்த்து, குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பியோ பதறிப்போய் ஏணியைப் பிடித்தார்.

அவள் மேலே நின்று கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஸ்ட்ராபெரி வண்டி வாசலில் வந்து நின்றது. யேரினின் அம்மா, சிவப்புப் பயறு தூவி அவித்த அரிசிப் பலகாரத்தைப் பெட்டியோடு சுமந்துகொண்டு இறங்கினாள். அப்பா கல்யாணத்துக்குப் போடும் கோட்டில் வந்திருந்தார்.

"ஏங்க, அது எங்க பொண்ணு பேனருங்க. எதுக்குங்க அறுக்குறீங்க?" என்று கத்தினார்.

"உங்க பொண்ணைக் கேக்காம கட்டிட்டேங்க" என்றாள் மிரான் மேலிருந்தே. பேனர் பொத்தென்று விழுந்து புழுதியில் மடங்கியது.

யேரின் எல்லாவற்றையும் தானே சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி. மிரான் சொல்லிக்கொடுத்த நிமிர்வும் சிரிப்பும் எங்கே போயினவோ. அப்பா வண்டியில் கை ஊன்றி நின்றுவிட்டார்.

"ஊர்ல எப்படி முகத்தைக் காட்டுறது?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு மகளிடம் திரும்பினார். "சரி, அதை விடு. நீ என்னதான் பண்ணப்போற?"

"தெரியலப்பா."

அவர் மிரானை அண்ணாந்து பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க மேடம். உங்ககிட்டதானே ஒப்படைச்சோம்?"

எத்தனையோ பெற்றோருக்கு மூச்சு விடாமல் வழி சொன்னவள், ஏணி உச்சியில் வெறுங்காலோடு நின்றாள்.

"எனக்கும் தெரியலைங்க. இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளையையும் நான் கேட்டதில்லை."

யேரினின் அம்மா பெட்டியைத் தரையில் வைத்தாள். மகளின் முகத்தை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் போன நாள்லேர்ந்து இவ எங்கிட்ட 'தெரியல'ன்னு சொன்னதே இல்லைங்க" என்றாள் மெதுவாக. "தெரியாமத்தான் இருந்திருக்கா. நான்தான் இவளைக் கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்."