பூரண சுகம் பெற்றவள்

ஆயுசில் பாதியை வகுப்பறையில் கத்தியே கழித்தவள் நான். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டபோது நாக்கும் கொஞ்சம் குழறியது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்துப் பேச ஆரம்பித்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் என்னைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். "நல்லா இருக்கா டாக்டர். சாப்பிடுதா, தூங்குதா, பைய நடக்கா." பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நான் நல்லா இல்லை. சோறு வாயில் மண்ணாக இருந்தது. துபாயிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கை வரவில்லையே என்று அழுகிறேன் என்றார்கள். கை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றுதான் நான் கிடந்தேன். உயிரோடு விட்ட ஆண்டவருக்கே நன்றி கெட்டவளாகிவிட்டேன் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

பிறகு அங்கே ஒரு புது டாக்டர் வந்தாள், என் மகள் வயதுதான் இருக்கும். என் வீட்டுக்காரர் வழக்கமான பாட்டைத் தொடங்கியதும், "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மனசு சோர்ந்தே இருக்கிறதா, முன்பு பிடித்தது எதிலும் இப்போது ஆசை இல்லையா, செத்தால் தேவலை என்று தோன்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் குழறிக் குழறிச் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பக்கவாதம் வந்தவங்க நிறையப் பேருக்கு இது வரும்மா. நீங்க பலவீனமானவங்கன்னு அர்த்தம் இல்ல. இதுவும் ஒரு நோய், மருந்து இருக்கு. வேலை செய்யச் சில வாரம் ஆகும். நீங்களா நிறுத்திடாதீங்க." அவரையும் உள்ளே கூப்பிட்டு இதையே சொன்னாள். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஒற்றைக் கையால் அட்டையைப் பிரிக்க முடியாது என்பதால் மாத்திரைகளை அவர்தான் எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் ரசத்தில் உப்பில்லை என்று சத்தம் போட்டேன். எனக்கே ஆச்சரியம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் கூப்பிட்டபோது நானே போனை வாங்கிப் பேசினேன்.

ஆனால் அது நிலைக்கவில்லை. மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். மருந்துகூட எனக்கு ஒட்டவில்லை, இனி எதுவும் ஒட்டாது என்று முடிவு கட்டினேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நோய் தீர்ந்தால், பிள்ளைக்கு வேலை கிடைத்தால், ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சீட்டில் எழுதி ஸ்தோத்திரக் காணிக்கையோடு கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் குருவானவர் அதை வாசிப்பார். ஒரு ஞாயிறு, ஒரு சகோதரர் தம் மனைவிக்குப் பூரண சுகம் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று வாசித்தார். யாரோ கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். பக்கத்து பெஞ்சுக்காரி என் தோளைத் தட்டி, "ஒங்களத்தான்" என்று சிரித்தாள்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது என் வீட்டுக்காரர் குருவானவரிடம் பெருமையாகச் சொன்னார்: "மனசுக்குன்னு ஒரு மாத்திரை தந்தாவ ஐயா. கொஞ்சம் தெளிஞ்சதுமே நிறுத்திட்டேன். சத்து மாத்திரையை மாத்தி வச்சேன், இவளுக்கே தெரியாது. எல்லாம் ஜெபம்தான்." நான் கம்பை ஊன்றிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றேன். குருவானவர் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் இப்படிச் செஞ்சிய?"

"ஸ்தோத்திரம் பண்ணுததா நேர்ந்திருந்தேம்லா. மனசுக்கு மாத்திரை முழுங்கிக்கிட்டுப் பூரண சுகம்னு எழுதினா ஆண்டவர்கிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிராதா?"

"நான் திரும்பப் படுத்துக் கிடந்தத நீங்க பாக்கலியா?"

"பாத்தேன்." சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அதுக்குள்ள எழுதிக் குடுத்தாச்சே" என்றார்.

பார்க்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆண்டவரிடம் பொய் ஆகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர், என் உள்ளங்கையில் தினமும் பொய்யைத்தான் வைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் ஒரே கூரைக்கடியில் வாழ்ந்தும் இந்த மனிதரை எனக்குத் தெரியாது என்று தோன்றியது. என் சோர்வைவிட அது அதிகமாக வலித்தது.

மறுநாள் நான் மட்டும் ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் டாக்டர் அதே மாத்திரையை மறுபடியும் எழுதினாள். இப்போது அட்டையைப் பல்லால் கடித்துப் பிரித்து நானே விழுங்குகிறேன். சில வாரத்தில் பசி வந்தது, தூக்கம் வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

போன வாரம் மகளோடு நான் சிரித்துப் பேசுவதைக் கதவோரம் நின்று கேட்டார். அப்புறம் ஒரு சீட்டும் பேனாவும் எடுத்துவந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"இப்ப நெசமாவே சொகமாயிட்டேல்லா? இன்னொரு ஸ்தோத்திரம் பண்ணிருவமா?"

"பண்ணுங்க. எந்த மாத்திரை தின்னு சொகமானேன்னு சேத்து எழுதுங்க. குருவானவர் சத்தமா வாசிக்கட்டும்."

என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.