உதறாத மூட்டை

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்குப் பெயர் ‘பல்லக்கா’. அவளுக்கு எடுப்புப் பல்லும் கிடையாது, ஓட்டைப் பல்லும் கிடையாது. வந்த புதிதில், போர்வைக்குள் சுருண்டு வந்த ஒரு பல்செட்டைக் கண்டெடுத்து, வார்டு வார்டாக ஏறி இறங்கி உரியவர் கையில் சேர்த்தாள். அன்றைக்கு ஒட்டிய பெயர் எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

அப்போது கூடத்தின் நடுவில் நீளமான மேசை ஒன்று இருந்தது. வார்டிலிருந்து வரும் மூட்டையை அதில் அவிழ்த்து, இரண்டு பேர் முனை பிடித்து உதறிய பிறகுதான் இயந்திரத்துக்குள் போடுவார்கள். கண்ணாடி, கம்மல், சீப்பு, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் என்று எது விழுந்தாலும் ஜன்னல் விளிம்பில் வைப்பார்கள். சாயங்காலத்துக்குள் யாராவது தேடி வந்து, “நல்லா இருப்பீங்கம்மா” என்று சொல்லி எடுத்துப் போவார்கள். சம்பளம் அப்போதும் இழுபறிதான். ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்ல ஒரு சேதி இருந்தது.

ஒப்பந்தம் கைமாறியது. புது நிர்வாகம், இன்னொரு உலர்த்தும் இயந்திரத்துக்கு இடம் வேண்டுமென்று மேசையைத் தூக்கியது. உட்கார்ந்தால் சோம்பல் வருமாம், ஸ்டூல்களும் போயின. மின்விசிறி பழுதாகி நின்றது, நின்றபடியே இருக்கிறது. மூட்டையை அவிழ்த்ததும் அப்படியே உள்ளே தள்ள வேண்டும், உதறினால் நேரம் வீண். முதலில் பல்லக்கா திருட்டுத்தனமாக உதறிப் பார்த்தாள். சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கை தானாகவே விட்டுவிட்டது. “இன்னைக்கு என்ன கெடச்சுது?” என்று புருஷன் கேட்டால், “கால்வலி” என்பாள்.

அன்று காலை, ஆண்கள் வார்டு மூட்டையைத் தள்ளும்போது உள்ளங்கையில் ஏதோ கெட்டியாகத் தட்டியது. ஒரு மூச்சு நேரம் கை நின்றது. ‘எது கெடந்தா எனக்கென்ன’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சற்று நேரத்தில் ஒரு வயதான அம்மாள் படியிறங்கி வந்தாள்.

“இங்க பல்லக்காங்கறது யாரும்மா?”

“நான்தாம்மா.”

“எங்க வீட்டுக்காரர் பல்லைக் கழட்டித் தலகாணிக்கு அடியில வச்சிருந்தாரு. விரிப்போட சுருட்டி எடுத்துட்டாங்க. இப்ப வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. மத்தியானம் மக வர்றா, ரொம்ப வருஷமா பேச்சுவார்த்தை இல்லாதவ. பொக்கை வாயோட அவ மூஞ்சில முழிக்க மாட்டாராம், வர வேண்டாம்னு சொல்லிடுங்கறாரு. உங்ககிட்ட கேட்டா கெடச்சிடும்னு நர்ஸம்மா சொன்னாங்க.”

பல்லக்காவின் பார்வை வட்டக் கண்ணாடிக் கதவுக்குப் போயிற்று. உள்ளே நுரை சுழன்றுகொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் தண்ணீரை வடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூடத்தில் இருக்கும் எல்லாருக்கும் திட்டு விழும். மேசை இருந்த காலத்தில் அவளுக்கு எதிர்முனை பிடித்த நெட்டை, காதோரம் வந்து கிசுகிசுத்தாள். “இங்க வரலன்னு சொல்லி அனுப்பிடுக்கா. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுதேடி.”

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

தண்ணீர் வடிந்து கதவு திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. சுடச்சுடக் கையை விட்டுத் துழாவி, பல்செட்டை எடுத்துவிட்டாள். பளிச்சென்று இருந்தது.

“கல்யாணத்தன்னைக்குக் கூட இவரு பல்லு இவ்வளவு வெள்ளையா இல்லம்மா!” என்று அந்த அம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரலால் தடவிப் பார்த்தவள், நிறுத்தினாள். சூட்டில் ஒரு பக்கம் வளைந்திருந்தது.

“உள்ள போடும்போதே கையில தட்டுச்சும்மா” என்றாள் பல்லக்கா. “தெரிஞ்சேதான் போட்டேன்.”

“நீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அந்த அம்மாள் கைப்பிடியைப் பற்றிப் படியேறினாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தான். “யாரு நிறுத்தினது? மேலேருந்து எனக்கில்ல திட்டு விழும்! இங்க நின்னு கத்தணும்னு எனக்கு மட்டும் வேண்டுதலா?” அவன் சட்டையும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“நான்தான் சார். மேசையக் கொண்டாங்க. இல்லேன்னா இன்னைக்குப் பண்ணினதைத்தான் நாளைக்கும் பண்ணுவேன்.”

“மிரட்டுறியா?”

“இல்ல சார். இப்ப நான் அப்படி ஆயிட்டேன். அதைத்தான் சொல்றேன்.”

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். மேசை கேட்கப் போகிறானா, வேறு ஆள் கேட்கப் போகிறானா, யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் ஆண்கள் வார்டு ஆயா அடுத்த மூட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “பல்லு வாயில பொருந்தலக்கா. துண்டால வாயைப் பொத்திக்கிட்டே மகளோட பேசறாரு. அவ அழுவுறா, இவரு துண்டுக்குள்ள இருந்தே அழாதேங்கறாரு.”

பல்லக்கா அந்த மூட்டையின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அய்யோ, சார் பாத்துடப் போறாருக்கா!”

“பாக்கட்டும்.”

உட்கார்ந்த இடத்தில் ஏதோ கெட்டியாகக் குத்தியது. கண்ணை மூடித் திறந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்து எழுந்து, தரையிலேயே முடிச்சை அவிழ்த்தாள். கூப்பிடாமலே நெட்டை எதிர்முனையைப் பிடித்தாள்.

ஒரு கரண்டி விழுந்தது.