சோற்றுக்குள் ஒளித்த முட்டை

சோற்றுப் பார்சல் கட்டுகிற தொழிலில் கட்டும்போது பயமில்லை. அனுப்பிய பிறகுதான் பயம், ஏனென்றால் அதைப் பிரிக்கும் இடத்தில் நாங்கள் இருப்பதில்லை. இதை எழுதுவதும் அப்படித்தான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். முன்னுக்குச் சொல்ல வேண்டியதைப் பின்னுக்குச் சொல்லி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவேனோ என்று நேற்றிலிருந்து பயமாக இருக்கிறது. அடுப்படியில் நின்று பயந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் முட்டை

வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் வாடகை வீடு. அதன் சமையலறைதான் என் தொழிற்சாலை. கிருலப்பனையில் உள்ள ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குத் தினமும் முப்பது பார்சல் போகிறது. அந்த ஓடர் நின்றால் எங்கள் வீட்டில் எல்லாம் நிற்கும். அதனால் சோறு, பருப்பு, இரண்டு கறி, சுண்டல், ஒரு துண்டு மீன், வெள்ளியில் மட்டும் மரக்கறி என்று ஆறு வருடமாக ஒரு இம்மியும் மாற்றாமல் கட்டிக்கொண்டிருந்தேன். முப்பதாவது பார்சலைக் கட்டும்போது நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் பிறிட்ஜில் அவித்த முட்டை ஒன்று மிஞ்சிக் கிடந்தது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, அதை ஒரு பார்சலின் சோற்றுக்கு அடியில் தாட்டேன். யாருக்குக் கிடைக்கும் என்று அறிய ஒரு ஆசை. எனக்கு உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுக் குசுமா, "பிஸ்ஸுத அக்கே?" என்றாள். பைத்தியமா என்று கேட்கிறாள். பார்சல்கள் த்ரீவீலில் ஏறிப் போன பிறகுதான் எனக்கும் அதே சந்தேகம் வந்தது. ஒருவருக்கு முட்டை, இருபத்தொன்பது பேருக்கு இல்லை. சண்டை வராதா?

ஒன்றரைக்குப் போன் அடித்தது. அலுவலக வரவேற்பில் இருக்கும் தர்ஷினி. "அன்ரி, இண்டைக்கு ஒரு பார்சலுக்குள்ள முட்டை ஒண்டு இருந்தது" என்றாள். "ஐயோ பிள்ளை, மாறிப் போட்டன், இனி வராது" என்று நான் உளறத் தொடங்க, அவள் குறுக்கே சொன்னாள்: "வராதோ? நாளைக்கு எனக்கு வரும் எண்டெல்லோ நான் பந்தயம் பிடிச்சுப்போட்டன்!"

கோப்போடு வந்தவர்

அதன் பிறகு தினமும் ஒரு முட்டை. எந்தப் பார்சல் என்று எனக்கும் தெரியக்கூடாது என்பதற்காகக் குசுமா கண்ணை மூடிக்கொண்டு பார்சல்களை இடம் மாற்றுவாள். முன்பெல்லாம் ஒவ்வொருவரும் தங்கள் மேசையில் போனைப் பார்த்தபடி சாப்பிட்டவர்களாம். இப்போது எல்லோரும் ஒரே மேசையில் கூடி, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒன்றாகப் பிரிக்கிறார்கள் என்று த்ரீவீல்காரர் வந்து சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததாலேயே ஏதோ வரப்போகிறது என்றும் தோன்றியது.

வந்தது. ஒரு பதினொரு மணிக்கு, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் கோப்போடு ஒருவர் வாசலில் நின்றார். சுகாதாரப் பரிசோதகர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். குசுமா சட்டிகளை மூடினாள். நான் தலைக்குத் துணி கட்டி, கையை மூன்று தரம் கழுவினேன். "நாளுக்கு எத்தினை பார்சல்?" என்று கேட்டார். சொன்னேன். "எந்த மேசையில வைச்சுக் கட்டுறனீங்கள்?" காட்டினேன். குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தான் அந்த இன்சூரன்ஸ்காரருக்கு மேல்மாடியில் வேலை செய்வதாகவும், இன்று முதல் அங்கே ஒருவருடைய பார்சலைத் தான் எடுப்பதாகவும், முட்டை எதில் இருக்கிறது என்று மட்டும் சொல்ல ஏலுமா என்றும் கேட்டார். எனக்கே தெரியாது என்று கடவுள் அறிய உண்மையைச் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"தெரியாதெண்டால் ஏனக்கா கை நடுங்குது?"

கறுப்பாக ஒன்று

எல்லாம் அனுப்பிவிட்டு நானும் குசுமாவும் சாப்பிடுவோம். ஒரு நாள் என் சோற்றைக் கிளறியபோது உள்ளே கறுப்பாக, பளபளப்பாக, நீளமாக ஒன்று. கரப்பான்! முப்பது பார்சலும் போய்விட்டன. முப்பதிலும் கரப்பான். நான் போட்ட சத்தத்துக்கு மேல்வீட்டுக்காரர் யன்னலைத் திறந்தார். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுத் தர்ஷினிக்குப் போன் எடுக்கப் போனேன். குசுமா என் கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கறுப்பை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள். பேரீச்சம்பழம். அவள் ஒளித்து வைத்தது.

எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அவள் கொட்டையைத் துப்பிவிட்டு, தன் தமிழில் ஆறுதலாகக் கேட்டாள்: "நீங்க ஒளிச்சா விளையாட்டு, நான் ஒளிச்சா கரப்பானா அக்கே?"

போயாவுக்கு அடுத்த நாள்

இனித்தான் நான் பிழையாகச் சொல்லிவிடக்கூடாத இடம். அந்த அலுவலகத்தின் மனேஜர் சிவஞானம் ஐயா. ஓடரைத் தருபவர் அவர்தான். சுத்த சைவம். முட்டை வாசமே ஆகாது. அதனால் அவருடைய பார்சலைத் தனியாகக் கட்டி, மேலே அவர் பெயரை எழுதி அனுப்புவேன். வெள்ளிக்கிழமைகளில் எல்லாமே மரக்கறி, அன்றைக்கு முட்டை விளையாட்டும் இல்லை, பெயரும் எழுதுவதில்லை.

அந்தக் கிழமை வியாழன் போயா, பௌர்ணமி விடுமுறை. அலுவலகம் பூட்டு. மீன்காரரும் போயாவுக்குக் கடை திறப்பதில்லை. அடுத்த நாள் காலையில் எழும்பியபோது, லீவு முடிந்த நாள் என்பதால் என் மண்டைக்குள் அது திங்கட்கிழமை. மீன் இல்லை, சரி, எல்லாம் மரக்கறியாகவே போகட்டும் என்று சமைத்தேன். எல்லாம் மரக்கறிதானே என்று ஐயாவின் பெயரையும் எழுதவில்லை. மீன் இல்லாமல் பாவம் பிள்ளைகள் என்று இரண்டு முட்டை ஒளித்தேன். குசுமா கண்ணை மூடிக் கலக்கினாள். த்ரீவீல் போய்விட்டது.

பன்னிரண்டுக்கு வாசலைக் கூட்டப் போனேன். எதிர்வீட்டு அக்கா தோய்ந்த தலையோடு, கையில் அர்ச்சனைத் தட்டோடு கோயிலால் வந்துகொண்டிருந்தா. "என்னக்கா இண்டைக்கு விசேசம்?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக விசேசம் வேணுமே?" என்றா. விளக்குமாறு கையால் விழுந்தது. வெள்ளிக்கிழமையில் முட்டை, அதுவும் ஐயாவின் பெயர் எழுதாத பார்சல்களுக்குள்!

அலுவலகப் போனை ஒருவரும் எடுக்கவில்லை. போட்டிருந்த சட்டையோடு வேறொரு த்ரீவீலில் ஏறிவிட்டேன். ஹவ்லொக் வீதி முழுக்க வாகன நெரிசல். வழி முழுக்க, ஆறு வருட ஓடர் இரண்டு முட்டையால் போவதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஐயா விரத வாயில் முட்டையைக் கடிப்பதையும் நினைத்தேன்; அது ஓடர் போவதைவிடப் பெரிய பாவமாகப் பட்டது. லிப்டுக்குப் பயம், படியால் ஓடினேன். கதவைத் தள்ளினால், எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து, முட்டை இல்லாத வெள்ளியிலும் பழக்கத்தில் "ரெண்டு" சொல்லிவிட்டார்கள்.

"பார்சலைத் தொடாதேங்கோ! ஒருத்தரும் தொடாதேங்கோ!" என்று கத்தினேன்.

பார்சல் குண்டுகளைப் பார்த்த கொழும்பில் எந்த வார்த்தையைக் கத்தக்கூடாதோ அதைக் கத்தியிருக்கிறேன் என்பது, கதிரைகள் விழுந்த சத்தத்தில்தான் எனக்கு விளங்கியது. பாதிப் பேர் படிக்கட்டுக்கு ஓடினார்கள். தர்ஷினி மேசைக்குக் கீழே போய்விட்டாள். ஐயா மட்டும் பார்சலில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார். "முட்டை ஐயா... வெள்ளிக்கிழமை... மறந்துபோனன்" என்று மூச்சு வாங்கிச் சொன்னேன்.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தர்ஷினி எழும்பி வந்து ஒரு கரண்டியால் ஒவ்வொரு பார்சலாகக் கிண்டினாள். ஒரு முட்டை அவளுடையதிலேயே இருந்தது. மற்றது ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்ததில். அவருடையதில் இல்லை. நான் அழத் தொடங்கிவிட்டேன். ஓடர் இனி இல்லையென்று அவர் சொல்லப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூண்டு மாசமா எல்லாருக்கும் ஒளிக்கிறியள். என்ர பார்சலில மட்டும் பேரை எழுதி, ஒண்டும் ஒளிக்காம அனுப்புறியள். நான் என்ன பாவம் செய்தனான் பிள்ளை?"

இப்போது நான் ஒளிப்பது முட்டை இல்லை, சின்ன உளுந்து வடை, ஐயாவின் பங்குக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் அதே எண்ணெயில் பொரித்த இன்னொன்றைக் காலை எட்டு மணிக்கே நான் தின்றுவிட்டு, பதினொன்றரை வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் பார்சலை த்ரீவீலில் ஏற்ற விடுகிறேன்.