தும்மலுக்குப் பயந்த காலம்

போன வாரம் கள்ளக்குறிச்சி மருந்துக்கடையில் வீட்டுக்காரருக்கு கேஸ் டானிக் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் வந்த சோம்பு வாசனையில் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. இந்த இளஞ்சிவப்பு மருந்தை ஒரு வருஷம் குடித்தவள் நான். கோளாறு வயிற்றிலேயே இல்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தொப்புளுக்குக் கீழே எங்கே என்ன செய்தாலும் அது வயிற்றுவலிதான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. கீழே ஏதோ உருண்டை தட்டுப்படும். இருமினால் சிறுநீர் கசியும். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் “வவுத்து வலிங்க” என்றுதான் வாயில் வரும். அவரும் மேற்கொண்டு கேட்கமாட்டார், டானிக் எழுதுவார்.

அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புடவைக்கடையில் எனக்கு வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். புதுப்புடவையின் கஞ்சி மணம் மூக்கில் ஏறினால் தும்மல் வரும். தும்மலுக்கு முன்னால் அவசரமாகக் கால்களைப் பின்னிக்கொள்வேன். நான் பரதநாட்டியம் கற்றவள் என்று நினைத்தவர்களும் உண்டாம். விஷயத்தைக் கண்டுபிடித்தவள் கூட வேலை செய்த கஸ்தூரி அக்கா, மணலூர்பேட்டைக்காரி.

“எனக்கும் இப்டித்தான்டி இருந்துச்சி. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. அப்பயும் கசிவு நிக்கல.”

மாமியாருக்குத் தெரிந்ததும் என்னை ஒரு நர்சிங்ஹோமுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் மாமியாரிடம், ரெண்டு பிள்ளை ஆகிவிட்டதே, எடுத்துவிடலாம் என்றார். மாமியாரும் தலையாட்டினார். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

“ஒடம்பு என்னுதுங்க. என்னாண்ட கேளுங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

பிறகு ஒருநாள், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த நர்ஸம்மா ஒருவரிடம், பட்டுப்புடவையை விரித்துக்கொண்டே கேட்டேன். இறக்கத்தையும் சிறுநீர்க் கசிவையும் பார்ப்பதற்கென்றே தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், புதுச்சேரிக்குப் போ என்றார். கஸ்தூரி அக்காவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அங்கிருந்த டாக்டரம்மாதான் முதல்முதலாக, “சிரிச்சா, தும்முனா கசியுதாம்மா?” என்று கேட்டார். அழுதுவிட்டேன். எதையும் எடுக்க வேண்டாம் என்றார். இறங்கியதைத் தாங்க உள்ளே ஒரு வளையம் வைத்தார். அடித்தசையை இறுக்கிப் பிடித்துத் தளர்த்தும் பயிற்சியை எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். அதைக் கடையில் புடவை காட்டியபடியே செய்தோம், ஒருவருக்கும் தெரியாமல்.

அன்றைக்குக் கிளம்பும்போது அவர் அக்காவிடம், உங்களுக்கு எதற்காக எடுத்தார்கள் என்று கேட்டார்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “தெரியாதுங்க. வூட்டுக்காரருதான் கையெழுத்து போட்டாரு.”

அந்தப் புடவைக்கடை இப்போது இல்லை. நர்சிங்ஹோம் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அக்காவுக்காகப் போய், ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க ஆளே இல்லை. அதனால் பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ நாலு பெண்கள் சேர்ந்தால் நானே பேச்சை எடுக்கிறேன். மெதுவாகப் பேசு, ஆம்பிளைகள் இருக்கிறார்கள் என்பார்கள். இருக்கட்டும். அவர்களும் கேட்கட்டும். கையெழுத்துப் போடுவது அவர்கள்தானே.